தூணுக்கு அடியில் ஒன்பது பிடி

மரப்பெட்டியின் பலகையைக் கழற்றி வைக்கோலை வாரி எறிந்ததும் முதலில் வெளியே வந்தது தூண்தான். வெள்ளை வெளேரென்று இடுப்பு உயரம் இருந்தது. உள்ளே வெறும் கூடு. என் கணவர் அதை நிறுத்திவைத்துவிட்டுச் சுற்றி வந்தார். அவருக்குக் கொத்து வேலையும் தெரியும், குழாய் வேலையும் தெரியும். ஆனால் கை கழுவுகிற பேசனில் சுவரில் மாட்டுகிறதைத்தான் அதுவரை வைத்திருக்கிறார். தரையில் காலூன்றி நிற்கிற பேசன் அவர் கைக்குப் புதிது.

"என்னலே குருநாதா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சுத்திச்சுத்தி வர்றே?" என்றார் ஜலாலுதீன் பாய். அவர் கொடைக்கானல் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தார். பேசனை மதராசிலிருந்து வரவழைத்தவர் அவர். எங்களை அந்த பங்களாவில் சேர்த்துவிட்டவரும் அவரே.

"உள்ள ஒண்ணுமே இல்லையே பாய். இது எப்பிடி ஆளைத் தாங்கும்?"

"ஒன்னைய மாதிரிதான். உள்ள ஒண்ணும் கெடையாது, ஆனா நிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நான் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தூண் நிற்பதும் நிற்காததும்தான் என் மகள் பிழைப்பதும் பிழைக்காததும் என்று எனக்குத் தெரியும்.

அது ஐம்பத்தாறாம் வருஷம், சித்திரை மாதம். அதற்கு முன் நாங்கள் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தோம். காப்பிக்கொட்டை காயப்போடுகிற களங்களுக்குத் தளம் போடுவது என் கணவருக்கு வேலை. மழை விட்டதும் அங்கே காய்ச்சல் வரும். முந்தைய வருஷம் ஐப்பசியில் என் பெரிய மகன் கந்தவேல் போனான். கார்த்திகையில் சின்னவன் போனான். மூன்று வயது வள்ளிக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இடப்பக்கம் விலாவுக்குக் கீழே கட்டி விழுந்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இவளையாச்சும் மேல மலைக்குக் கொண்டு போயிருங்க. இந்தக் காய்ச்சக் கொசு அங்க ஏறாது. இன்னொரு ஐப்பசி இங்க தாங்காது," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பாய் இந்த வேலையைச் சொன்னார். மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த தண்டாயுதபாணி என்பவருடைய பங்களா அது. அவருக்குத் தை மாதம் வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குளிர்ந்த இடத்தில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அவரால் குனிய முடியாது, குந்த முடியாது. நின்றபடி கையை ஊன்றி முகம் கழுவ ஒரு பேசன் வேண்டும். சுவர்ப் பேசனில் சாய்ந்தால் பெயர்ந்துவிடும் என்று பயந்து, தூண் வைத்த பேசனாக வாங்கியிருந்தார்கள்.

அடுக்களைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஓடு போட்ட அறை, கணப்பு இருந்தது. வந்த இரண்டு மாதத்தில் வள்ளிக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லை. அந்த வீட்டு அம்மா, தண்டாயுதபாணியின் மனைவி, பாய்க்கு எழுதிய கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். பழனி அடிவாரத்தில் என் அப்பா பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். ஐந்தாவது வரை என்னைப் படிக்கவைத்தார். கடிதத்தில் இப்படி இருந்தது: வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறோம். வேலை திருப்தியாக இருந்தால் அந்தக் கொத்தனாரையே காவலுக்கு வைத்துக்கொள்கிறோம், குடும்பத்தோடு அறையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பேத்துப்பாறையிலிருந்து ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பெட்டி திங்கட்கிழமை வந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே ஒரு சிக்கல் தெரிந்தது. நம் குளியலறைத் தரைகள் தண்ணீர் ஓடுவதற்காக மடையைப் பார்த்துச் சரிவாக இருக்கும். தூணோ சமமான தரைக்குச் செய்தது. நிறுத்தினால் குடித்தவன்போலச் சாய்ந்தது. என் கணவர் செவ்வாய்க்கிழமை முழுதும் யோசித்து, தூண் நிற்கும் இடத்தில் மட்டும் தளத்தை நான்கு விரல் ஆழத்துக்கு உடைத்து எடுத்தார். குழியில் கலவை போட்டு, அதில் தூணை மட்டமாக உட்காரவைத்து, சுவரில் இரண்டு இரும்புப் பிராக்கெட் அடித்து, மேலே பேசனை வைப்பது என்று முடிவு செய்தார். குழியின் அடியில் செம்மண் தெரிந்தது.

அந்தக் குழியைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு நிலை நட்டாலும் தூண் நட்டாலும் குழியில் நவதானியம் மஞ்சள் துணியில் கட்டி வைக்காமல் நட மாட்டார்கள். அந்தப் பொட்டலத்தைக் கட்டித் தருவதே என் அப்பா கடையில் பெரிய வியாபாரம். கல்யாணமான பிறகு நாங்கள் குடியிருந்த எந்த இடத்திலும் எங்களுக்கென்று ஒரு தூண் நட்டதில்லை. லைன் வீட்டில் யார் எதை வைத்தார்கள்? எதுவும் வைக்காத வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தேன். இப்போது எங்கள் குடியிருப்புக்காக ஒரே ஒரு தூண் நடப்போகிறார்கள். அது முகம் கழுவுகிற தூண் என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, குழியில நவதானியம் வெச்சுருவோமா?"

உளியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் குழியில?"

"தூணுக்குத்தான்."

"துப்புற எடத்துக்கு நவதானியமா? நாளைக்குக் கக்கூஸுக்குத் தேங்கா ஒடைக்கணும்பே. போடி, சோலியைப் பாரு."

"மூணு பேரும் இங்க இருக்கணும்ல."

"அதுக்கு மட்டம் பாக்கணும், புள்ள. மட்டம் சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்."

சாயந்திரம் கடைத்தெருவுக்குப் போய் ஒன்பது தானியமும் வாங்கி வந்தேன். புதன்கிழமை வெள்ளனே, அவர் கலவைக்கு மணல் சலிக்கப் போயிருந்த நேரத்தில், அவருடைய உளியாலேயே குழியின் நடுவில் செம்மண்ணை இன்னும் பறித்தேன். பொட்டலத்தை உள்ளே வைத்து, மேலே மண்ணைத் தூவி உள்ளங்கையால் அமுக்கிவிட்டேன். வழக்கத்தில் ஒன்பதும் சேர்த்து ஒரு பிடிதான் வைப்பார்கள். நான் ஒன்றுக்கு ஒரு பிடியாக ஒன்பது பிடி வைத்தேன். ஒரு பிடி எங்களுக்குப் போதாது என்று நினைத்தேன்.

அவர் வந்தார். குழியை ஈரப்படுத்தினார், கலவையைக் கொட்டினார், தூணை இறக்கினார். ரசமட்டத்தை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், மூலைக்கு மூலை பார்த்தார், பேசனைத் தூக்கி வைத்த பிறகு அதன் விளிம்பில் வைத்தும் பார்த்தார். நான்கு தடவை. குமிழி நடுவில் நின்றது. தூணுக்கும் பேசனுக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாதபடி இறுக்கிவிட்டார். மத்தியானத்துக்குள் குழாய்கள் மாட்டி முடிந்தது. பாய் வந்து கை கழுவிப் பார்த்தார்.

"ஏலே, இது பேசனா? மைசூர் ராசா கை கழுவலாம்டா," என்றார். நேரே தபால் ஆபீசுக்குப் போய் மதுரைக்கு டிரங்க் கால் போட்டு, வேலை முடிந்தது, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் நான் அந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். விரல் நெட்டி முறிப்பதுபோல. நிமிர்ந்து பார்த்தேன். பேசனின் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரு முடி ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. துணியால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் தொட்டபோது நகம் அதில் இடறியது.

அவரைக் கூப்பிட்டேன். அவர் ரசமட்டத்தோடு வந்தார். முதல் நாள் நடுவில் நின்ற குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. தூணின் ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தது. பிராக்கெட்டில் இறுகியிருந்த பேசனுக்கு மேலே போக இடமில்லை, அதனால் விரிசல் விட்டுவிட்டது. தூணைச் சுற்றிப் போட்ட கலவை வட்டமாக வெடித்திருந்தது.

"தூணு எப்பிடி எந்திரிக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டார். "எறங்கும். எங்கயாச்சும் எந்திரிக்குமா?"

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. கடலையை ஊறப்போட்ட பானை காலையில் எப்படி இருக்கும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? அவர் பேசனைக் கழற்றினார், தூணைப் பெயர்த்தார், வெடித்த கலவையை உளியால் நெம்பினார். அடியில் மஞ்சள் துணி பூசணிக்காய் மாதிரி உப்பி, முடிச்சு நெகிழ்ந்து, அதன் வழியாக மொச்சையும் கொள்ளும் பிதுங்கிக்கொண்டிருந்தன. கலவைத் தண்ணீரைக் குடித்து ஊறியிருந்தன.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தனை பிடி?"

"ஒம்போது."

குழிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு பிடி வெச்சிருந்தா கலவைக்குள்ளயே அடங்கிப் போயிருக்குமேடி," என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

பாய்க்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்தபோது என் கணவர் பொட்டலத்தை மண்வெட்டியால் வாரிப் புதருக்குள் கொட்டியிருந்தார். பாயிடம், கலவையில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னார். இன்னொரு பேசன் மதராசிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார் பாய். பீங்கானை ஒட்டுவதற்கு நம் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவில் சுண்ணாம்பைக் குழைத்து வைத்தால் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் நன்றாகக் காய வேண்டும். பாய் தம் தொப்பிக்குள் எட்டு முட்டை கொண்டுவந்தார்.

"எங்க வீட்டுக் கோழி பேசனுக்கு முட்டை போடும்னு சர்புன்னிசா கனவுலகூட நெனச்சிருக்க மாட்டா," என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் உட்கார்ந்து சுண்ணாம்பைக் குழைத்தார்.

விரிசலில் பசையை ஏற்றி, பேசனைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்கினோம். குழியில் புதுக் கலவை போட்டுத் தூணை மறுபடி நிறுத்தினார். பிறகு காய வேண்டியதுதான். அன்றைக்கென்று மேகம் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மரம் தெரியவில்லை. குளியலறைச் சுவரெல்லாம் வியர்த்துக் கிடந்தது. நான் கரியடுப்பைக் கொண்டுவந்து எட்ட வைத்து விசிறினேன். மணிக்கொரு தடவை விரலால் தொட்டுப் பார்ப்பேன். பசை என் விரலோடு வந்தது. எத்தனை சாமி உண்டோ அத்தனையும் கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலும் விரலில் ஒட்டியது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, மேலே வெள்ளைச் சிமெண்டைத் தடவிப் பேசனைத் தூக்கி வைத்தோம். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை.

மத்தியானம் கார் வந்தது. மலைப்பாதை வளைவுகளில் பெரியவர் தண்டாயுதபாணிக்கு வாந்தி வந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. டிரைவர் ஒரு பக்கமும் அந்த அம்மா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நேரே குளியலறைக்குத்தான் நடத்தி வந்தார்கள்.

என் கணவர் குறுக்கே போய் நின்றார். "அம்மா, இன்னும் காயலைங்க. ரெண்டு நாளைக்கு வாளியில தண்ணி தர்றேன். ஐயாவை நாற்காலியில உக்கார வைங்க."

"புதன்கிழமையே முடிஞ்சிருச்சுன்னு போன்ல சொன்னாங்களே?"

"சொன்னாங்க. ஆனா..."

"நகருப்பா. மனுசன் நிக்க முடியாம நிக்கிறார்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் நல்ல கையை நீட்டிப் பேசனின் விளிம்பைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டார். ஒரு நொடி தாங்கியது. பிறகு முன்பக்கம் அப்படியே ஒரு துண்டாகக் கழன்று அவர் கையோடு வந்தது. டிரைவர் பிடிக்காமல் விட்டிருந்தால் தலை அடிபட்டிருக்கும். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. குழாய் முறிந்து தண்ணீர் பீய்ச்சி எல்லோரையும் நனைத்தது.

பெரியவரைப் படுக்கவைத்துக் கட்டுப் போட்ட பிறகு அந்த அம்மா திரும்பி வந்தார். கத்துகிற பெண் இல்லை அவர். ஈரப் புடவையோடு நின்று கேட்டார்.

"இதை யாரு வெச்சது?"

"நான்தாங்கம்மா."

"மட்டம் பாத்துத்தானே வெச்சே?"

"பாக்கலைங்க," என்றார் என் கணவர். "அவசரத்துல கண்ணால பாத்து வெச்சுட்டேன். ஏற்கெனவே விரிசல் விட்டதை ஒட்டி மறைச்சதும் நான்தாங்க."

நான்கு தடவை மட்டம் பார்த்தவர். ஒரு கொத்தனார் தன் வாயால் சொல்லக்கூடாத சொல் அது. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்த வள்ளியைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பொம்பளை ஒரு பாவமும் அறியாதவங்கம்மா," என்றார் அவர். "நல்லா வேலை செய்வா, எழுதப் படிக்கத் தெரியும். பிள்ளைக்குக் காச்சக்கட்டி கெடக்கு. கீழ போனாப் பிழைக்காது. என்னை அனுப்பிருங்க. இவங்க ரெண்டு பேரும் இருந்துக்கட்டும்."

வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டியிருந்தது. அந்த அம்மா சரி என்றார்.

அறையில் என் கணவர் தம் சாமான்களைச் சாக்கில் எடுத்து வைத்தபோது நான் கதவைச் சாத்திவிட்டு, "நான் சொல்லிர்றேங்க," என்றேன்.

"சொன்னா?"

"என் தப்பு."

"ஒன் தப்புன்னா நீயும் எறங்கணும். நீ எறங்குனா அவளும் எறங்கணும். என் தப்புன்னா ஒருத்தன் எறங்குனாப் போதும். கணக்கு அம்புட்டுத்தான்." சாக்கைக் கட்டினார். "வெரசா அழுது முடிச்சுரு. அந்தம்மா கூப்பிடுது."

கொடைக்கானலிலேயே வேறு வேலை பார்க்கலாம் என்று பாய் இரண்டு காண்டிராக்டர்களிடம் கேட்டார். வாதம் வந்தவரைத் தள்ளிவிட்ட பேசன்காரர் என்று அதற்குள் கடைத்தெரு முழுக்கப் பேர் ஆகிவிட்டிருந்தது. அவரைத் தெரிந்தவர்களும் அவருக்கு வேலை கொடுக்கிறவர்களும் பெரும்பாறையில்தான் இருந்தார்கள். அங்கேதான் போனார். அதே லைனில் தங்கினார்.

ஆடியில் ஒரு தடவை வந்தார். புரட்டாசியில் ஒரு தடவை. புரட்டாசியில் வந்தபோது கேட்டுக்கு உள்ளே வரமாட்டேன் என்றார். கீழே இருந்து கொசு தம் போர்வைக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று அவருக்குப் பயம். பாதையிலேயே போர்வையை இரண்டு மூன்று தடவை உதறினார். சாப்பாட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போகும்படி என்னிடம் சொன்னார். கண்கள் மஞ்சளாக இருந்தன. வள்ளி கேட்டின் கம்பிக்குள் கையை விட்டு, அப்பா அப்பா என்று கூப்பிட்டாள்.

"அங்கனயே நில்லு தாயி. பல்லு வெளக்கினியா? எங்க, காட்டு."

அவள் ஈ என்று காட்டினாள்.

"ஆத்தாடி, எலிப்பல்லு. போயி ஆடு. அப்பா இங்கன இருந்தே பாக்கேன்."

அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. "காச்சலா?" என்று கேட்டேன். "நடந்து வந்த சூடு," என்றார். "நான் இப்பவாச்சும் சொல்லிர்றேன், நீங்க மேல வந்துருங்க," என்றேன். அவர் எழுந்து கை கழுவிவிட்டு, "ஐப்பசி கழியட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி இருபதாம் தேதி பாய் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். அவர் எப்போதும் ஏதாவது கேலி பேசிக்கொண்டேதான் வருவார். அன்று ஒன்றும் பேசவில்லை. வள்ளியைப் பாயின் மனைவி சர்புன்னிசா அக்காளிடம் விட்டுவிட்டு நான் இறங்கினேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்காமல் ஏறி வந்துவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, பித்தளைச் சட்டியில் வெந்நீர் வைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நவதானியம், ஒன்பது பிடி, என் கணவர் நான்கு தடவை மட்டம் பார்த்தது, எல்லாம்.

பெரியவர் கோணிய வாயால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சாமிக்குன்னு... வெச்சதா? அன்னைக்கே... சொல்லியிருந்தா... நான் அவனை... அனுப்ப விட்டிருப்பேனாம்மா?" நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் அதையும் துணியால் துடைத்தேன்.

அந்த அம்மா அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சட்டியை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவர் இப்போ அப்பிடிச் சொல்லுவார். அன்னைக்கு அவருக்குப் பேச்சே கெடையாது, நினைவிருக்கா? முடிவு பண்ணது நான்தான். நீ சொல்லியிருந்தா ரத்தத்தைப் பாத்த கோவத்துல மூணு பேரையும் அன்னைக்கே கார்ல ஏத்திக் கீழ விட்டிருப்பேன். இதை நீ தெரிஞ்சுக்கணும்."

அவர் உண்மையைத்தான் சொன்னாரா, என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. வள்ளி பிழைத்தாள், இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். சில நாட்களில் அந்த அம்மா சொன்னதை என்னால் நம்ப முடிகிறது. அந்த நாட்களில் சாப்பிடுகிறேன், பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். மற்ற நாட்களில் பெரியவர் சொன்னதுதான் காதில் கிடக்கிறது.